சீலிக்குச் சொன்ன கொலைக்கதை

1

நாங்கள் கனடாவுக்குப் போய் இந்த நவம்பரோடு எட்டு வருடம். அந்த நாளைத் தாம்பரத்தில் கழிக்கும்படி ஆகிவிட்டது. நானும் என் மனைவி ஜெயசீலியும் சேலையூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் பழைய ஃப்ளாட்டுக்கு மூன்று மாதம் இருந்துவிட்டுப் போக வந்திருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இப்படி வருவது வழக்கம். வருவதற்கு முன் கனடாவில் தங்கிய நாள்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். நிரந்தரக் குடியிருப்புக்கு அவர்கள் கொடுத்த அட்டையைப் புதுப்பிக்க, இத்தனை நாள் அந்த நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும் என்று விதி. என் மகன் ஆனந்த் அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறான். நான் விரலில் வைத்திருக்கிறேன். அரசாங்கத்தின் புள்ளிவிவரப் பிரிவில் கிணறுகளையும் ஆடுமாடுகளையும் எண்ணி வந்த கணக்கைச் சரிபார்த்தே தலை நரைத்தவன் நான். வேலை முடிந்தும் எண்ணுவது முடியவில்லை. மாடிப்படியை எண்ணுவேன், மாத்திரையை எண்ணுவேன், பிரசங்கத்தில் போதகர் எத்தனை முறை ‘ஆகவே’ சொல்கிறார் என்று எண்ணுவேன்.

இந்தப் பேட்டைப் பத்திரிகைக்கு இதற்கு முன் நான் அனுப்பிய குறிப்புகளைப் படித்தவர்களுக்கு நான் பனியைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் புலம்புகிறவன் என்று தெரியும். இந்த முறை சந்தோஷமான ஒரு விஷயம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். சிரிக்க வைக்கும் ஆங்கிலேயக் கொலை நாவல்கள், விட்டுப்போன படிக்கும் பழக்கத்தை எனக்கு எப்படித் திருப்பிக் கொடுத்தன என்பதுதான் அந்த விஷயம். அது என்னை வேறு எங்கோ கொண்டுபோய் விட்டது.

வேலைக்குப் போன காலமெல்லாம் என் வாசிப்பு மின்சார ரயிலில்தான். தாம்பரத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். கோட்டை நிலையம் வருவதற்குள் நாற்பது பக்கம் ஓடிவிடும். திரும்பும்போது நின்றுகொண்டு இருபது. ஓய்வு பெற்றதும் ரயில் நின்றது, படிப்பும் மெல்ல நின்றது. கனடா போன பிறகு சுத்தமாக விட்டுப்போயிற்று. கண்ணில் கோளாறு இல்லை. நேரம் தாராளமாக இருந்தது. பயம்தான் காரணம்.

என் அண்ணன் தேவசகாயம் மறதி நோயில் போனார். பல்லாவரத்தில் இருந்தார். கடைசிக் காலத்தில் காலைப் பேப்பரைச் சாயங்காலம் வரை படிப்பார். ஒவ்வொரு தடவையும் அதே செய்திக்கு அதே அதிர்ச்சி. ஒருநாள் நான் போனபோது எழுந்து நின்று, “சார் யாரு, இன்ஷூரன்ஸா?” என்று மரியாதையாகக் கேட்டார். கூடப் பிறந்தவனிடம் அவர் காட்டிய மரியாதை அது.

அன்றிலிருந்து என்னை நானே வேவு பார்த்து வருகிறேன். ஒரு பக்கம் படித்துவிட்டுத் திருப்பினால், முன்பக்கத்தில் என்ன இருந்தது என்று என்னையே கேட்பேன். இப்படிப் படித்தால் எந்தப் புத்தகம் ஓடும்? பதினொரு புத்தகங்களை முப்பதாம் பக்கம் தாண்டாமல் விட்டேன். ஒவ்வொன்றையும் நோய்க்குச் சாட்சியாகவே எடுத்துக்கொண்டேன்.

2

வீட்டிலும் சாட்சிகள் குறைவில்லை. அலமாரியில் ஒரே அளவில் மூன்று மூட்டை துவரம்பருப்பு. அடுப்பில் வைத்த பால் தீய்ந்து, புகையைக் கண்டுபிடிக்கும் கருவி அலறி, பக்கத்து வீட்டுக்காரர்கள் செருப்பில்லாமல் பனியில் இறங்கி நின்றார்கள். “அடுப்பைப் பாத்துக்கறேன்னு சொன்னீங்களே” என்றாள் சீலி. நான் மன்னிப்புக் கேட்டேன்.

எல்லாவற்றிலும் பெரியது லியா விஷயம். லியா எங்கள் பேத்தி. அப்போது இரண்டாம் வகுப்பு. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவதால் அவளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது எங்கள் பொறுப்பு. திங்கள், புதன், வெள்ளி நான். மற்ற இரண்டு நாள் சீலி. பிப்ரவரியில் ஒரு மதியம் இருவருமே போகவில்லை. பள்ளியிலிருந்து மருமகளுக்குப் போன் போய், அவள் அலுவலகத்திலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்தபோது, குழந்தை கோட்டைக்கூடக் கழற்றாமல் தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்திருந்ததாம்.

“இன்னிக்கு நானே போறேன்னீங்க” என்றாள் சீலி.

“நானா?”

“காப்பி குடிச்சிக்கிட்டே சொன்னீங்க. மறந்துட்டீங்களா?”

சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாமல் போவதுதானே அந்த நோய். ஒப்புக்கொண்டேன்.

மருமகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. ஆனந்த் மட்டும் அறைக்கு வந்து, “இட்ஸ் ஓகேப்பா. இனிமே ஸ்கூல்லயே ஈவினிங் கேர்ல விட்டுடறோம். நீங்க ரெண்டு பேரும் ஸ்ட்ரெஸ் எடுத்துக்காதீங்க” என்றான். குரல் மிருதுவாக இருந்தது. அண்ணனிடம் நாங்கள் எல்லோரும் பேசிய குரல் அது.

பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடக்கும் தூரத்தில்தான் லியா என்னிடம் தமிழ் பேசுவாள். நாய், மரம், சறுக்கும், விழாதே தாத்தா. மொத்தம் அறுபது எழுபது சொற்கள் சேர்ந்திருந்தன. நடை நின்றதும் அதுவும் நின்றது. இப்போது எங்கள் அறை வாசலில் வந்து ‘ஹாய்’ சொல்லிவிட்டுப் போகிறாள். ஆனந்துக்கே தமிழ் படிக்கத் தெரியாது, பேசுவதோடு சரி. இங்கே தாம்பரத்தில் ஆங்கிலப் பள்ளியில் பணம் கட்டிச் சேர்த்தது நான்தான், குறை சொல்ல முடியாது.

மறதி நோய் நிபுணரிடம் எனக்காக நாள் கேட்டான். அடுத்த வசந்தத்தில்தான் கிடைத்தது. அந்த ஊரில் பல் வலித்தாலும் பைத்தியம் பிடித்தாலும் வரிசை ஒன்றுதான்.

3

வீட்டில் இருந்தால் எதையாவது உடைத்துவிடுவேனோ என்று நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். கவுண்டரில் ஓர் அம்மாள். நான் என் நல்ல ஆங்கிலத்தில், “எனக்கு ஒரு கொலை வேண்டும். ஆனால் சிரிக்கும்படியாக இருக்க வேண்டும்” என்றேன். பக்கத்தில் நின்றவர் கொஞ்சம் தள்ளி நின்றார். அந்த அம்மாள் அசரவில்லை.

“எத்தனை கொலை?”

“ஒன்று போதும். ஆட்கள் குறைவாக இருக்கட்டும். பெயர்கள் ஒன்றுபோல இருக்கக் கூடாது.”

பெரிய எழுத்தில் அச்சிட்ட புத்தகங்கள் இருந்த அலமாரிக்கு அழைத்துப் போய், இங்கிலாந்திலிருந்து வந்த இரண்டு நாவல்களை எடுத்துக் கொடுத்தார். முதலாவதை அங்கேயே திறந்தேன். கொலை நடந்த வீட்டில் எல்லோரும் முதலில் தேநீர் போடுகிறார்கள். யாருக்கு எத்தனை சர்க்கரை என்று கேட்கிறார்கள். அதற்குப் பிறகுதான் போலீஸுக்குப் போன். நான் நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று, ஆச்சரியம், எண்ணத் தோன்றவில்லை.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. என் தலை வேலை செய்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. இருபதாம் பக்கத்தில் யார் குடை எடுத்து வந்தார் என்பதை இருநூறாம் பக்கத்தில் கேட்பார்கள். ஞாபகம் வைத்திருக்கிறவன்தான் கொலைகாரனைப் பிடிக்க முடியும். வெறும் பரீட்சை என்றால் புத்தகத்தை மூடிவிடுவேன். நடுவில் சிரிப்பு வந்தால் பயம் கொஞ்சம் எழுந்து வெளியே போய்விட்டு வருகிறது. அந்த இடைவெளியில் நாலு பக்கம் படித்துவிடலாம்.

இப்படியாக ஆறு நாவல்கள் முடித்தேன். செத்தவர்கள் ஒன்பது பேர். கொலைகாரனை முன்கூட்டியே சொன்னது இரண்டில். மோசமான விகிதம்தான். ஆனால் குடை யாருடையது என்று ஆறிலும் சொல்லிவிட்டேன். பிறகு எப்படிப் பருப்பு மட்டும் மறந்துபோகிறது? அது எனக்கு விளங்கவில்லை. நோய் பருப்பிலிருந்துதான் தொடங்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நூலகம் கழித்துக் கட்டிய புத்தகங்களை வாசலில் வைத்து விற்றார்கள். அந்த ஆறில் ஒன்று அதில் கிடந்தது. பெட்டியில் வைத்துத் தாம்பரத்துக்கு எடுத்து வந்தேன்.

4

வந்த முதல் வாரம் உயிரோடிருக்கும் சான்றிதழுக்குப் போனேன். பென்ஷன்காரர்கள் வருடா வருடம் செத்துப்போகவில்லை என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். என் விரலை இயந்திரம் ஏற்கவில்லை. ரேகை தேய்ந்துவிட்டதாம். “இன்னொரு விரல் வைங்க சார்” என்று அந்தப் பெண் பத்து விரலையும் வைக்கச் சொன்னாள். பத்தும் நான் இல்லை என்றே சொல்லின. கடைசியில் கண்ணைக் காட்டி உயிரோடிருப்பதை நிரூபித்தேன். சீலி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, “நான் வேணா சாட்சி சொல்லவா? ராத்திரி குறட்டை விட்டார்னு” என்றாள். அந்தப் பெண் சிரித்தாள். சீலி அப்படித்தான், எங்கே போனாலும் பத்து நிமிடத்தில் ஒருவரைச் சிரிக்க வைப்பாள்.

எங்கள் கட்டடத்தில் ஆறு வீடு. தண்ணீர் மோட்டார் போடுவது ஆளுக்கு ஒரு நாள், எங்களுக்குப் புதன். இரண்டாவது புதன்கிழமை நான் நடைக்குப் போய்விட்டுத் திரும்பினால் தெருமுனை வரை ஈரம். வாட்ச்மேன் ஏழுமலை வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

“இன்னா சார், டேங்க் ரொம்பி தண்ணி ரோட்ல ஓடிக்கினு கீது. லாரித் தண்ணி வாங்கற ஊர்ல இது நல்லா கீதா?”

“நான்தான் போட்டேனா ஏழுமலை?”

“இன்னா சார் என்னாண்ட கேக்கறே?”

மேலே போனால் சீலி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “மோட்டாரைப் போட்டுட்டு நீங்க பாட்டுக்கு வாக்கிங் போயிட்டீங்க” என்றாள். இந்த ஊர் வந்தும் விடவில்லையே என்று அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

டி.வி. இணைப்பை நாங்கள் புதுப்பிக்கவில்லை. சாயங்காலம் குடும்ப ஜெபம் முடிந்தால் அப்புறம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சீலிதான் ஜெபம் நடத்துவாள். கீர்த்தனை எண்ணைச் சொன்னால் போதும், புத்தகம் இல்லாமல் கடைசிச் சரணம் வரை பாடுவாள். பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் சொல்லச் சொன்னால் வசனம் பிசகாது. பிறகு பெயர் பெயராக எல்லோருக்கும் ஜெபிப்பாள். மகன், மருமகள், பேத்தி, அவளுடைய மூன்று தங்கைகள், அவர்கள் பிள்ளைகள், வரிசை மாறாமல் பத்தொன்பது பேர். நான் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவேன். ஒருவர்கூட விடுபட்டதில்லை. இவளுக்குப் போய் இப்படி ஒரு புருஷனா என்று எனக்கே பாவமாக இருக்கும்.

ஒருநாள் ஜெபம் முடிந்து நான் அந்த நாவலை எடுத்து மறுபடி படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

“தனியா என்ன சிரிப்பு? எனக்கும் சொல்லுங்க.”

அவள் தமிழ் மட்டும்தான் படிப்பாள். நான் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டோம். பதினான்கு அத்தியாயம்.

கதை இதுதான். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். வருடா வருடம் காய்கறிப் போட்டி. எப்போதும் பூசணிக்காய்க்கு முதல் பரிசு வாங்கும் ஆள், போட்டியன்று காலை கூடாரத்துக்குள் தன் பூசணிக்காய் மேலேயே கவிழ்ந்து செத்துக் கிடக்கிறார். துப்பறிகிறவர் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற ஒருவர். எல்லார் வீட்டுக்குள்ளும் போக அவருக்கு வழி இருக்கிறது. நாலாவது அத்தியாயத்தில் கமிட்டி கூடுகிறது. அவர்கள் கவலை கொலையைப் பற்றி இல்லை. செத்தவருடைய பூசணிக்காயைப் போட்டியில் சேர்க்கலாமா கூடாதா என்று ஓட்டெடுக்கிறார்கள். அதற்குள் செத்தவர் வளர்த்த பெரிய வாத்து கூடாரத்துக்குள் வந்து பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு யாரையும் அண்டவிடவில்லை. இன்ஸ்பெக்டர் மேசைமேல் ஏறி நிற்கிறார்.

சீலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். “நம்ம சபைக் கமிட்டியே தேவலைங்க. இதுக்கு அந்த வாத்தையே செகரட்டரியாப் போட்டுடலாம்” என்றாள். நானும் சிரித்தேன். இவள் கனடாவில் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை என்று அப்போது தோன்றியது. பள்ளிக்கும் கடைக்கும் போவதைத் தவிர அங்கே எட்டு வருடமும் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, பஸ் பிடிக்கவில்லை என்பாள். சரி என்று விட்டுவிட்டேன்.

5

புத்தகத்தில் அடையாளத்துக்கு விமானச் சீட்டின் துண்டு ஒன்றை வைத்திருந்தேன். மறுநாள் வீடு துடைத்தபோது யார் தட்டிவிட்டார்களோ, அது இடம் மாறியிருக்கிறது. கதை முழுவதும் எனக்குத் தெரிந்த கதை. எந்த அத்தியாயத்தைத் திறந்தாலும் பழகினதாகத்தான் இருக்கும். துண்டு இருந்த பக்கத்தைத் திறந்து சொல்ல ஆரம்பித்தேன். கமிட்டி கூடியது, ஓட்டு எடுத்தார்கள், வாத்து உள்ளே வந்தது. வாத்து வந்ததும்தான் எனக்கு உறைத்தது. இதை நேற்றே சொல்லியாகிவிட்டது.

நேற்று சொன்னதை இன்று மறுபடி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அண்ணனுக்கும் இப்படித்தான். இப்போது அவள் நிமிர்ந்து பார்ப்பாள், ‘இதை நேத்தே சொன்னீங்களே, மறந்துட்டீங்களா’ என்பாள். நான் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அதற்காகக் காத்திருந்தேன்.

சீலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். “நம்ம சபைக் கமிட்டியே தேவலைங்க. இதுக்கு அந்த வாத்தையே செகரட்டரியாப் போட்டுடலாம்.”

முதலில் அவள் என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, “அப்புறம்?” என்றாள்.

அடுத்த நாள் வேண்டுமென்றே அதே அத்தியாயத்தைத் திறந்தேன். என் கணக்கு தவறாக இருக்கட்டும் என்று ஜெபம் செய்துகொண்டே படித்தேன். வாத்து வந்தது. மூன்றாவது முறையும் அதே சிரிப்பு, அதே வார்த்தை. “அந்தப் பியானோக்காரன் யாரு, செத்தவனோட தம்பியா?” என்று வேறு கேட்டாள். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன்.

அதற்குப் பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி கூட்டினேன். கனடாவில் பருப்பு வாங்கக் கடைக்குள் போகிறவள் சீலி. நான் வெளியே வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அடுப்புப் பக்கம் நான் போகவே மாட்டேன். லியா பள்ளியில் காத்திருந்தது செவ்வாய்க்கிழமை. எனக்கு நன்றாகத் தெரியும், அன்று குப்பை எடுக்கிற நாள். செவ்வாய் சீலியின் முறை. மோட்டார் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். ஊரில் உள்ள கிணற்றையெல்லாம் இரண்டு தடவை சரிபார்த்தவன், என் வீட்டுக் கணக்கை ஒரு தடவைகூடச் சரிபார்க்கவில்லை. நான்தான் நோயாளி என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டதால் எல்லாத் தவறும் என் பக்கத்தில் வந்து விழுந்தது.

அவள் கீர்த்தனையும் சங்கீதமும் பத்தொன்பது பேரும் எப்படித் தப்பவில்லை? அவையெல்லாம் மனப்பாடம். சேலையூர்க் கடைத்தெருவும் அவளுக்கு மனப்பாடம். மனப்பாடத்தில் இருக்கிறவளுக்கு நோய் தெரியாது, பார்க்கிறவர்களுக்கும் தெரியாது. நேற்று நடந்ததை இன்று கேட்கிற விஷயம் எதுவும் எங்கள் வாழ்க்கையில் இல்லாமல் இருந்தது. அந்தக் கொலைக்கதைதான் கேட்டது.

6

மறுநாள் காலை அவள் பால்கனியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

“சீலி, பூசணிக்காய்க் கதையில செத்தது யாரு?”

“கதை சொல்றது நீங்க. என்னைக் கேட்டா?”

“சும்மாதான்.”

“பரீட்சையா?”

நானும் ஒரு கொத்தை எடுத்து உருவத் தொடங்கினேன்.

“லியாவை மறந்தோமே, அன்னிக்குச் செவ்வாக்கிழமை” என்றேன்.

அவள் கை நின்றது. “தெரியும்” என்றாள்.

“எவ்வளவு நாளா இப்படி?”

“அது ஞாபகம் இருந்தா நான் ஏன் இப்படி இருக்கேன்?” சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “நான் போகணும்னே எனக்குத் தோணலைங்க அன்னிக்கு. போன் வந்ததும்தான் தெரிஞ்சுது. மருமக மூஞ்சியைப் பார்த்ததும் வாயில அப்படி வந்துடுச்சு.”

“என்மேல ஏம்மா போட்டே?”

“நீங்க மறந்துட்டீங்கன்னு சொன்னா நீங்க உடனே நம்பிடறீங்க. வேற யாரு நம்புவா?” கீரைக் காம்பை ஒவ்வொன்றாக ஒரு பக்கமாக அடுக்கினாள். “உங்க அண்ணனை நானும்தானே பார்த்தேன். பயமா இருந்துச்சு. நீங்க ஏற்கெனவே பயந்துக்கிட்டு இருந்தீங்க. இன்னும் கொஞ்சம் பயந்தா என்னன்னு விட்டுட்டேன்.”

எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது நிம்மதி. எனக்கு இல்லை என்ற நிம்மதி. ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம்தான் அது இருந்தது. பிறகு வந்த பயத்தோடு ஒப்பிட்டால், இத்தனை நாள் நான் பட்டது பயமே இல்லை. எனக்கு வந்தால் நான் மறந்துவிட்டுப் போய்விடலாம். இவள் என்னை மரியாதையாக ‘யாரு சார்’ என்று கேட்டால் நான் எங்கே போவேன்?

மேடவாக்கத்தில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். சின்ன வயது, பொறுமையானவர். “இன்னிக்கு என்ன கிழமைம்மா?” என்று கேட்டார்.

“நீங்க உட்கார்ந்திருக்கீங்கன்னா செவ்வாயோ வெள்ளியோதான். வெளியே போர்டுல போட்டிருக்கு” என்றாள் சீலி.

டாக்டரம்மா சிரித்தார். ஆனாலும் எழுதிக்கொண்டார். படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ஆரம்பம்தான் என்றார். மாத்திரை கொடுத்தார். “பழகின இடத்துல, பழகின மனுஷங்களோட இருந்தா ரொம்ப நாள் சமாளிக்கலாம் சார். இடம் மாத்தினா கஷ்டம்” என்றார்.

திரும்பும்போது தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஆட்டோ நகராமல் நின்றது. சீலி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். “அங்க எனக்கு எதுவும் படியலைங்க. எல்லாத் தெருவும் ஒரே மாதிரி, எல்லா வீடும் ஒரே மாதிரி. வாசலைத் தாண்டினா வீட்டு நம்பரைச் சொல்லிக்கிட்டே நடப்பேன். குளிர்னு சொன்னதெல்லாம் சும்மா. இங்க கால் தானா போகுது.”

எட்டு வருடம் அந்த நாட்டைப் பற்றி உங்களுக்கு எத்தனை குறிப்பு எழுதி அனுப்பியிருக்கிறேன். இந்த ஒரு குறிப்பு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

உங்களில் சிலருக்கு எங்களைத் தெரியும். கேம்ப் ரோடு கடையிலோ சபைக் கோயிலிலோ சீலியைப் பார்த்தால் இதைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். ஞாபகம் இருக்கிறதா என்று சோதிக்காதீர்கள். உங்கள் பெயரை நீங்களே சொல்லிவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள். ஒரே பொருளை இரண்டாவது முறை கேட்டால், வீட்டில் இருக்கிறது என்று மெதுவாகச் சொல்லுங்கள். எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதுங்க. நான் படிச்சா எனக்கே புதுசா இருக்கும்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் ஆனந்த் வீடியோவில் வந்தான். அங்கே முந்தின நாள் ராத்திரி. திரும்பி வரும் டிக்கெட்டைப் பற்றிப் பேசினான். எனக்கு நிபுணரிடம் வாங்கிய நாளை நினைவூட்டினான். சீலி என் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் நான் உட்கார்ந்தேன். வார்த்தைகளைக்கூட வரிசையாக வைத்திருந்தேன்.

“ஆனந்த், இங்க ஒரு டாக்டரைப் பார்த்தோம்.”

“மெமரிக்காப்பா?”

போனின் மூலையில் எங்கள் இருவர் முகமும் சின்னதாகத் தெரிந்தது. சீலி என்னைப் பார்க்கவில்லை. பெஞ்சில் கூப்பிடக் காத்திருக்கிறவளைப் போல மடியில் கையைக் கோத்து நேராக உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிட்டால், மருமகளிடமும் மகனிடமும் அந்த மிருதுவான குரலை இனிமேல் இவள் கேட்க வேண்டும்.

“ஆமா” என்றேன். “எனக்குத்தான். ஆரம்பம்னு சொல்றாங்க. இடம் மாத்தக் கூடாதாம். நாங்க இங்கேயே இருந்துடறோம்.”

“எனக்குத் தெரியும்ப்பா” என்றான். பிறகு, “கார்டு போயிடும். திரும்ப வாங்கறது கஷ்டம்.”

“போகட்டும்.”

அவன் தோளுக்குப் பின்னாலிருந்து லியா எட்டிப் பார்த்தாள். பெரியவர்கள் பேசியது அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ. திரைக்கு மிக அருகில் வந்து, “தாத்தா, என் பேர் என்ன?” என்று கேட்டாள். தமிழில் கேட்டாள்.

“லியா ஜெயசீலி ஆனந்த்” என்றேன்.

“குட்” என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தாள்.

இது சரியில்லை என்று எனக்குத் தெரியும். ஒருநாள் அவனிடம் சொல்லத்தான் வேண்டும். அவனாலேயே கண்டுபிடிக்க முடிகிற நாளுக்கு முன்னால் சொல்லிவிடுவேன். அதுவரை, அவனால் தமிழ் படிக்க முடியாது என்பது, முதல் முறையாக, எனக்கு ஒரு சௌகரியம்.

ஆனந்த் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. சீலி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

“அழாதடா. அப்பாவை நான் பார்த்துக்கறேன்” என்றாள்.

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. நானும் நம்பினேன்.